ஒலித்தட்டுச் சான்றும் கிளாரினெட் வாசிப்பு மரபும்: டிரேப்பர், கெல், தர்ஸ்டன்

இருபதாம் நூற்றாண்டு இசைக் கலைஞரின் வாசிப்புப் பாணியை ஆராய்வோர்க்கு ஒலித்தட்டு முதன்மைச் சான்றாகும். அச்சான்று மிகுதியாகக் கிடைக்கும் கலைஞரையே மரபின் பேராளராகக் கொள்ளும் பிழையும் இதனால் நேர்கிறது. இங்கிலாந்தின் கிளாரினெட் கலைஞர்கள் இதற்குத் தக்க சான்றாவர்.

பிராம்ஸ் 1891இல் இயற்றிய கிளாரினெட் ஐவரிசையை முதலில் வாசித்த மியூல்ஃபெல்ட் 1907இல் மறைந்தார். அவர் வாசிப்பு ஒலிப்பதிவாக எஞ்சவில்லை. எனவே, பிராம்ஸ் கேட்ட ஒலி இதுவே என எப்பதிவையும் சுட்ட இயலாது. பிற்காலப் பதிவுகளைத் தம்முள் ஒப்பிடலாம், அவ்வளவே.

சார்லஸ் டிரேப்பர் (1869–1952) லேனர் நால்வர் குழுவுடன் 1928இல் செய்த பதிவில் கிளாரினெட்டின் ஒலி அசைவின்றி நேராக நிற்கிறது. நெகிழ்ச்சியை வயலின்களின் இழைவே தருகிறது. ரெஜினால்ட் கெல் (1906–1981) புஷ் நால்வர் குழுவுடன் 1937இல் பதிவு செய்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மெதுநடையில் அமைந்த இரண்டாம் பகுதியில் கெல்லின் ஒலி மெல்ல அதிர்கிறது. தொடர் முடியுமிடத்தில் பேச்சுக்குரல் தாழ்வதுபோல் தேய்கிறது. ஓபோ கலைஞர் லியோன் கூசன்ஸின் தாக்கம் இது. (இவ்வதிர்வைக் கமகம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கமகம் இராகத்தின் உருவைத் தாங்குவது. இதுவோ ஒலிக்கு நிறமூட்டுவது.)

கெல்லின் வழியே ஆங்கிலேய வழி எனக் கூறுவது ஏற்புடையதன்று. பிரெடரிக் தர்ஸ்டன் (1901–1953) சார்லஸ் டிரேப்பரின் மாணவர். கெல்லோ டிரேப்பரின் உறவினரான ஹேடன் டிரேப்பரிடம் பயின்றவர். ஒரே குடும்பத்தாரிடம் கற்றும் இருவர் பாணியும் வேறுபட்டன. தர்ஸ்டன் அதிர்வை மேற்கொள்ளவில்லை. 1930 முதல் 1946 வரை பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவின் முதன்மைக் கிளாரினெட் கலைஞராக இருந்த அவர், தனி வாசிப்பாக வெளியிட்ட ஒலித்தட்டுகள் மிகச் சில. ஆயினும் பின்சியின் கிளாரினெட் கச்சேரிப் படைப்பை 1949இல் முதன்முதல் வாசித்தவர் அவரே. மால்கம் ஆர்னால்டு தம் 1951ஆம் ஆண்டுச் சொனாட்டினாவை எழுதியதும் அவருக்காகவே. இசையமைப்பாளர்களின் செவியில் நிலைத்திருந்தது தர்ஸ்டனின் ஒலி என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

கெல் 1948இல் அமெரிக்கா சென்றார். ஜாஸ் இசையில் பெரும்புகழ் பெற்றிருந்த பென்னி குட்மன் அங்கு அவரிடம் பாடம் கேட்டார். கெல்லின் பெயர் பரவியதற்கு அவருடைய ஒலித்தட்டுகளோடு இத்தொடர்பும் துணைசெய்தது.

தர்ஸ்டன் கிரில்லர் நால்வர் குழுவுடன் 1935இல் பதிவு செய்த பிளிஸ்ஸின் ஐவரிசை இன்றும் கேட்கக் கிடைக்கிறது. படைப்பு வேறாதலின் கெல்லின் பிராம்ஸ் பதிவோடு அதனை நேராக ஒப்பிடுதல் அரிது. எனினும், 1930களின் ஆங்கிலேயக் கிளாரினெட் பற்றி எழுதுவோர் முதலில் அதனைக் கேட்டுவிட்டு, அதன்பின் கெல்லிடம் வருதல் நன்று.