படக்கதையும் படுகளமும்

சண்டைக் கதையை விரும்பாத இளைஞர் மிக அரியர். வாளேந்திய வீரன் ஒருவன் பத்துப் பேரைத் தனியே எதிர்த்து நிற்கும் கட்டம் வந்துவிட்டால், படிப்பில் நாட்டமில்லாத சிறுவனும் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டான். இத்தகைய கதைகளைப் படங்களால் சொல்லுவதில் ஜப்பானியர் வல்லவர். ‘மங்கா’ என்று பெயர்பெற்ற அவர்களுடைய படக்கதைகள் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக உலகெங்கும் பரவி, இலங்கையின் மலைநாட்டு இளைஞரையும் எட்டியுள்ளன. பெற்றோரும் ஆசிரியரும் இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. ஆனால் தடுப்பதற்கு முன் ஆராய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போர்க்கலைக் கதைகளுள் எவை நல்லவை? அவற்றை அளக்கும் கோல் யாது? அக்கோலைத் தேடி ஜப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. கொத்மலை மண்ணிலேயே அது கிடைக்கிறது.

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் செங்கோல் செலுத்தியவன் சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன். தென்னிலங்கையின் உரோகண நாட்டு இளவரசனாகிய காமினி அவன்மீது படையெடுக்க விரும்பினான். தந்தை அதற்கு இசையவில்லை. சினங்கொண்ட மகன், பெண்கள் அணியும் அணிகலன் ஒன்றைத் தந்தைக்கு அனுப்பிவிட்டு மலைநாட்டுக்கு ஓடினான் என்று மகாவம்சம் கூறுகிறது. அவன் மறைந்து வாழ்ந்த இடம் கொத்மலை என்பது அப்பள்ளத்தாக்கின் சிங்கள மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அங்கே குடியானவர் வீடொன்றில், அரசமகன் என்பது வெளிப்படாமல், வயல்வேலை செய்து நாட்களைக் கழித்தான் என்பர். 1985ஆம் ஆண்டு நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் அப்பள்ளத்தாக்கின் வயல்கள் பலவும் விகாரைகள் பலவும் மூழ்கிவிட்டன. நீர் வற்றும் காலத்தில் பழைய விகாரையின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

தந்தைக்குப் பின் அரசனான காமினி போர் தொடுத்தான். எல்லாளனைத் தன்னையன்றி வேறெவரும் கொல்லலாகாது என்று முரசறைந்தான். அனுராதபுரத்தின் தெற்கு வாயிலருகே இருவரும் யானைமீதிருந்து பொருதனர், எல்லாளன் வீழ்ந்தான். பெரும்பாலான சண்டைக் கதைகள் இவ்விடத்தில் முடிந்துவிடும். மகாவம்சமோ இதற்குப் பின் நடந்ததையும் சொல்லுகிறது. வெற்றி பெற்றவன், வீழ்ந்தவனுக்கு உரிய முறையில் ஈமக்கடன் செய்து, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் இசைக்கருவிகளை முழக்கலாகாது என்று ஆணையிட்டான். அந்த ஆணை இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் தப்பியோடிய கண்டிப் பிரதானியாகிய பிலிமத்தலாவை, அவ்வழியே வந்தபோது சிவிகையிலிருந்து இறங்கினார். உடல் தளர்ந்திருந்தும், சமாதியின் இடம் சரிவரத் தெரியாமையால், அதைக் கடந்துவிட்டோம் என்ற உறுதி வரும் வரையில் நடந்தே சென்றார். இச்செய்தியைப் போர்ப்ஸ் என்னும் படை அதிகாரி 1840ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார்.

வீழ்ந்த பகைவனை மதிக்கும் இந்த உணர்வைத் தமிழகத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்த மக்களும் தங்கள் கதைகளில் சுமந்து வந்தனர். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதல், 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதற்குப் பின்னும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியாக அவர்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் அறிந்திருந்த வீரக் கதைகளைச் சென்னைப் பதிப்பாளர்கள் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாக மலிவு விலையில் அச்சிட்டனர். மரக்கட்டையில் செதுக்கிய படங்களும், மங்கிய வெளிச்சத்திலும் படிக்கத்தக்க பருத்த எழுத்துக்களும் அவற்றின் சிறப்பு. எழுத்தறிந்த ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றியிருந்து கேட்பது வழக்கம். இவை அக்காலத்துப் படக்கதைகள் எனலாம்.

மதுரைவீரன் கதையும் தேசிங்குராஜன் கதையும் அவற்றுள் பெயர்பெற்றவை. செஞ்சிக் கோட்டையின் இளந்தலைவனாகிய தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து 1714ஆம் ஆண்டு மாண்டான். அவனோடு நின்று உயிர்கொடுத்த தோழன் மகபத்துகான் என்னும் முஸ்லிம் வீரன். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். வென்ற நவாபு, அவள் நினைவாகவே இராணிப்பேட்டையை நிறுவினார் என்பது வழங்கிவரும் செய்தி. இங்கும் கதை வாள்வீச்சோடு முடியவில்லை.

மலையகத் தோட்டங்களில் வேரூன்றிய கூத்துக்கள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றாவது கூத்தின் கதை கொங்கு நாட்டுக்கும் திருச்சிச் சீமைக்கும் உரியது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் அதற்குப் பெருவிழா உண்டு. அண்ணன் பொன்னர் பொறுமையின் வடிவம்; தம்பி சங்கர் சினத்தின் வடிவம். காட்டைத் தம் உரிமை என்று கருதும் வேட்டுவர் ஒருபுறம், அதைத் திருத்தி உழும் குடியானவர் மறுபுறமாகப் பகை முற்றுகிறது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியோடு நிகழும் போர் கேட்போரை மெய்சிலிர்க்கச் செய்யும். ஆயினும் கூத்தின் உயிர்நாடி படுகளமே. எவராலும் வெல்லப்படாத சங்கர் தன் வாள்மீதே வீழ்கிறான், பொன்னரும் மடிகிறான். தங்கை அருக்காணி தங்காள் பிணங்களிடையே உடன்பிறந்தாரைத் தேடி வந்து, தெய்வ அருளால் அவர்களை எழுப்புகிறாள். அவர்கள் கண்விழித்துத் தங்கையோடு சில சொற்கள் பேசி, மீண்டும் உயிர் நீங்குகின்றனர். சண்டையின் விலை என்ன என்பதை அந்தத் தங்கையின் புலம்பல் சொல்லுகிறது. நிலத்துக்காக மடிந்தவரின் கதையை நிலமற்ற தொழிலாளர் விடிய விடிய ஆடினர் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1945ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் அந்நாட்டை ஆண்ட அமெரிக்கப் படையினர் பள்ளிகளில் போர்க்கலைப் பயிற்சியைத் தடைசெய்தனர். அவ்வாட்சி நீங்கிய 1952ஆம் ஆண்டில், ஃபுக்குயி எய்இச்சி என்பவர் யூடோ பயிலும் சிறுவனைத் தலைவனாக்கி ‘இகாகுரி-குன்’ என்ற படக்கதை வரைந்து சிறுவர் உள்ளத்தைக் கவர்ந்தார். அதன்பின் வந்தவற்றுள் நான்கு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஷிராத்தோ சன்பேய் 1964 முதல் 1971 வரை வரைந்த ‘கமுயி-டென்’. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கமுயியின் போர்த்திறனோடு, வரிச்சுமையால் நசுங்கிய குடியானவர் ஒன்றுபட்டுப் போராடிய வரலாறும் அதில் விரிகிறது. இரண்டாவது, கொய்க்கே கசுவோ எழுதக் கொஜிமா கோசெக்கி வரைந்து 1970 முதல் 1976 வரை வெளிவந்த ‘தனித்த ஓநாயும் குட்டியும்’. பழிசுமத்தப்பட்ட வாள்வீரன், தாயற்ற சிறு மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறான். ஒவ்வொரு கொலையையும் அக்குழந்தையின் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது, இனோவே தக்கேஹிகோ 1998ஆம் ஆண்டு தொடங்கிய ‘வேகபாண்ட்’. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மியமொத்தோ முசாசி என்னும் புகழ்பெற்ற வாள்வீரனைப் பற்றிய நாவலைத் தழுவியது அது. யாரையும் வெல்ல வேண்டும் என்று புறப்பட்ட முசாசி, பஞ்சம் பீடித்த சிற்றூர் ஒன்றில் வாளை ஒதுக்கி, மண்ணைக் கொத்தப் பழகும் பகுதி அதன் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. கொத்மலையில் வயல்வேலை செய்த இளவரசனின் கதையை அறிந்தவருக்கு இது அயலாகத் தோன்றாது.

நான்காவது, தொரியாமா அகிரா 1984 முதல் 1995 வரை வரைந்த ‘டிராகன் பால்’. சீனத்துப் பழங்கதையாகிய ‘மேற்குப் பயணம்’ அதற்கு வித்து. அப்பழங்கதையில் வரும் துறவி யுவான் சுவாங் உண்மையில் வாழ்ந்தவர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, காஞ்சிபுரம் வரை சென்று, இலங்கையில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதைக் கேட்டுக் கடல் கடவாமல் திரும்பியவர். அவருக்குத் துணைவனாகக் கதை படைத்த குரங்கு வீரனே ‘டிராகன் பா’லின் கோக்கூவாக மாறினான்.

சிறுவருக்கு ஏற்றது இந்த நான்காவது நூலே. தோற்ற பகைவர் பலர் அதில் தோழராக மாறுகின்றனர். ஏனைய மூன்றிலும் குருதியும் கொடுமையும் மிகுதி; அவை முதிர்ந்த வாசகருக்கே உரியவை. இன்னும் எண்ணற்ற சண்டைப் படக்கதைகள் உள. அவற்றைத் தேர்ந்தெடுப்போர் ஒன்றைக் கவனித்தாற் போதும்: அடி விழுந்தபின் கதை எங்கே பார்க்கிறது? வென்றவனை மட்டும் பார்க்கும் கதை விரைவில் சலிக்கும். வீழ்ந்தவனையும், அவனுக்காக அழுபவரையும் பார்க்கும் கதை நெஞ்சில் தங்கும்.

ஜப்பானியர் தங்கள் பழைய வீரரைப் படமாக்கி உலகுக்கு அளித்தனர். மலையகத்தின் படுகளமோ பெரும்பாலும் கூத்தாடியோரின் நினைவிலேயே தங்கியிருக்கிறது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். பிரிந்து சென்ற குடும்பங்களோடு பாடல்களும் சென்றன. வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து அழிவினின்று காத்தார். கொங்கு நாட்டில் பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு மானிடவியலாளர் 1965ஆம் ஆண்டு பொன்னர் சங்கர் கதையைப் பாடகர் வாயிலாக ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அவர் முயற்சியால் அது அசைபடமாகவும் படக்கதையாகவும் உருப்பெற்றது.

அத்தகைய பணி மலைநாட்டிலும் நடைபெற வேண்டும். சண்டைப் படம் வரையும் மாணவனின் தாளைக் கிழித்தெறிவதனால் பயனில்லை. கூத்தில் வேடங்கட்டிய முதியவர் ஒருவரிடம் அவனை அனுப்பிவைத்தால், கொம்பன் பாய்ந்த கதையையும் தங்கை புலம்பிய கதையையும் அவர் சொல்லுவார். அம்முதியவர் இருக்கும்போதே அவன் அதைக் கேட்டு வரைந்துவிட வேண்டும்.