35 வயதாகும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள்: பழைய பாகம் தேடி ஏன் இந்த அலைச்சல்?

1989ஆம் ஆண்டில் ஜப்பானில் இரண்டு கார்கள் வெளிவந்தன.

ஒன்று நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32. இன்னொன்று மஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5, மியாட்டா என்ற பெயர்களில் தெரியும்.

அப்போது அவை புத்தம்புதிய தொழில்நுட்பம். இப்போது அவற்றுக்கு வயது 35ஐத் தாண்டிவிட்டது.

சிங்கப்பூரில் அந்த எண்ணுக்குத் தனி அர்த்தம் உண்டு. 35 ஆண்டு ஆன கார் 'கிளாசிக்' வாகனமாகப் பதிவுபெறும் தகுதியைப் பெறுகிறது.

சரி, கார் கிடைத்துவிட்டது. ஆனால் கதவோரத்து ரப்பர் கிழிந்தால்? இன்ஜின் கணினி நின்றுபோனால்? "கடைக்குப் போய் புதுசு வாங்கிப் போட்டா போச்சு" என்று சொல்லமுடியுமா?

அங்குதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

'அந்தக் காலத்துப் பாகம்' என்றால் என்ன?

பழைய காரைப் புதுப்பிக்கும் எல்லாரும் ஒரே நோக்கத்தோடு செய்வதில்லை. சிலருக்குக் கார் ஓடினால் போதும். சிலருக்கோ அது வெளிவந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். இரண்டாவது வகையினர் தேடுவதுதான் காலத்துக்குப் பொருந்திய பாகங்கள்.

அவற்றில் நான்கு வகை உண்டு:

• காரோடு வந்த அசல் பாகம்: தொழிற்சாலையில் பொருத்தியது. பழுதுபார்த்து மீண்டும் அதையே பயன்படுத்துவது.

• விற்காமல் தேங்கிய பழைய இருப்பு: அந்தக் காலத்திலேயே தயாரித்து, பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடந்தது.

• மறுதயாரிப்பு: பழைய வடிவத்தைப் பார்த்து இன்று புதிதாகச் செய்வது.

• அந்தக் காலத்து அலங்கார, பந்தயப் பாகம்: காரோடு வரவில்லை. ஆனால் அன்றைய இளைஞர்கள் வாங்கிப் போட்டது. வாட்டனபே நிறுவனத்தின் எட்டுக்கால் சக்கரம், மிக்குனி சோலெக்ஸ் கார்புரேட்டர் ஆகியவை அதற்கு நல்ல உதாரணங்கள்.

கடைசி வகை முக்கியம். 'அசல்' வேறு, 'காலத்துக்குப் பொருந்தியது' வேறு. 1971ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் காரில் வாட்டனபே சக்கரம் இருந்தால் அது தொழிற்சாலை அசல் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக்குப் பொருத்தமானது. அதே காரில் இன்றைய 19 அங்குலச் சக்கரம் போட்டால் பார்த்தவுடனேயே உறுத்தும்.

பாகங்கள் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு கார் நின்றுபோன பிறகு அதன் உதிரிபாகங்களை நிறுவனம் சில காலம் தயாரிக்கும். பிறகு தேவை குறையும். அச்சுகள் தேயும், தொலையும். சின்னச் சின்னப் பாகங்களைச் செய்து கொடுத்த துணை நிறுவனங்கள் மூடப்படும்.

சில கார்கள் முதலிலிருந்தே குறைவு. 1967 முதல் 1970 வரை டொயோட்டா, யமஹாவுடன் சேர்ந்து தயாரித்த 2000ஜிடி கார்களின் எண்ணிக்கை 351தான். 1973ஆம் ஆண்டின் 'கென்மேரி' ஸ்கைலைன் ஜிடி-ஆர் 197 மட்டுமே.

ஜப்பானிலேயே பழைய காரை வைத்திருப்பது சுலபமில்லை. பதிவாகி 13 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு அங்கு வரி கூடுகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை 'ஷாக்கென்' எனும் கட்டாயச் சோதனையும் உண்டு. எத்தனையோ நல்ல கார்கள் அப்படியே பழைய இரும்புக்குப் போய்விட்டன.

மிஞ்சியவற்றுக்கு உலகெங்கும் கிராக்கி. அமெரிக்காவில் 25 ஆண்டு ஆன காரை அந்நாட்டுப் பாதுகாப்புத் தரவிதிகளுக்கு ஏற்ப மாற்றாமலேயே இறக்குமதி செய்யலாம். அதனால் 2014இலிருந்து ஆர்32களும் 2024இலிருந்து ஆர்34களும் அங்கு போகத் தொடங்கின. காரோடு பாகங்களின் விலையும் ஏறியது.

நிறுவனங்களே திரும்ப வந்தன

இதைப் பார்த்து ஜப்பானிய நிறுவனங்களே களத்தில் இறங்கின.

ஹோண்டா 1993இலேயே தன் என்எஸ்எக்ஸ் கார்களுக்குப் புத்துயிரூட்டும் சேவையைத் தொடங்கியது. அந்தக் காரின் உடல் முழுக்க அலுமினியம். சாதாரணப் பணிமனையில் அதைத் தட்டி நிமிர்த்துவது கடினம்.

நிசான் 2017 டிசம்பரில் 'நிஸ்மோ ஹெரிட்டேஜ்' என்ற பெயரில் ஆர்32 ஜிடி-ஆர் பாகங்களை மீண்டும் விற்கத் தொடங்கியது. பின்னர் ஆர்33, ஆர்34 கார்களுக்கும் விரிவுபடுத்தியது.

மஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு முழுப் புதுப்பிப்புச் சேவையை அறிவித்தது. கூரைத் துணி, மரத்தாலான நார்டி ஸ்டீயரிங், கியர் குமிழ் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. அந்தக் காரோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரைக்கூட அதே 14 அங்குல அளவில் மறுபடி செய்தார்கள்.

டொயோட்டாவின் 'ஜிஆர் ஹெரிட்டேஜ் பார்ட்ஸ்' சூப்ராவில் தொடங்கி 2000ஜிடிக்கும் ஏஇ86க்கும் வந்தது. 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு ஏஇ86 யார் என்று சொல்லவேண்டியதில்லை! அதற்கு முதலில் வந்தவை ஸ்டீயரிங் நக்கிள் ஆர்மும் பின்பக்க பிரேக் கேலிப்பரும்.

கவனித்தீர்களா? பளபளப்பான பாகங்கள் இல்லை. அவை இல்லாவிட்டால் கார் பாதுகாப்பாக ஓடாது. அதுதான் காரணம்.

முதலில் எதைப் பார்ப்பது? துருவைத்தான்!

இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். உடலை அரித்த துருதான் பணத்தைத் தின்னும்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு.

240இசட்: பேட்டரி உட்காரும் தட்டு, தரைத் தகடு, அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம். பேட்டரி அமிலம் சொட்டிச் சொட்டித் தகட்டையே ஓட்டையாக்கிவிடும்.

ரோட்ஸ்டர்: பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கதவடிப் பகுதி. துணிக்கூரையில் விழும் மழைநீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியேறவேண்டும். இலையும் தூசியும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வெளியே பெயின்ட் மின்னும், உள்ளே இரும்பு உதிரும்.

ஆர்32: பின்சக்கர வளைவுகளும் முன்பக்க சஸ்பென்ஷன் கோபுரங்களும்.

நம்மூர் ஈரப்பதத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். காரை வாங்குமுன் லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எது பழையதாக இருக்கலாம், எது கூடாது?

இந்தக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

"அசல்தான் வேணும், அதுவும் பெட்டி பிரிக்காத பழைய இருப்புதான் வேணும்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயது ஆவது காரில் பொருத்திய நாளிலிருந்து இல்லை. செய்த நாளிலிருந்தே. 40 ஆண்டு அலமாரியில் கிடந்த பிரேக் ஹோஸ் பார்க்கப் புதிது. அழுத்தம் கொடுத்தால் வெடிக்கலாம்.

டயர்: பக்கவாட்டில் உள்ள கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்திய டயர். காட்சிக்கு வைக்கலாம், சாலைக்குக் கொண்டுபோகக்கூடாது. அந்தக் காலத்துத் தோற்றம் வேண்டுமா? யோக்கோஹாமா தன் பழைய அட்வான் எச்எஃப் டைப் டி டயரின் கோலத்தைப் புதிய ரப்பரில் மீண்டும் தந்திருக்கிறது. வழி இருக்கிறது.

பிரேக், கிளட்ச்: பழைய இருப்பு பிரேக் ஷூ, பேட், கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. காற்று அடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. இங்கே புதியதுதான் சரி.

எரிபொருள் குழாய்: இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் இளகிக் கசியும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஏர்கான்: 1990களின் முற்பகுதி வரை வந்த கார்கள் பெரும்பாலும் ஆர்12 வாயுவைப் பயன்படுத்தின. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் வளர்ந்த நாடுகள் 1995 முடிவில் அதன் உற்பத்தியை நிறுத்தின. இப்போது ஆர்134ஏ வாயுவுக்கு ஏற்ப மாற்றுகிறார்கள்.

இன்ஜின் கணினி: 1980களின் பிற்பகுதியில் வந்த கார்களில் இது ஒரு மறைந்த எதிரி. பலகையில் உள்ள கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் கசிந்து செப்புக் கோடுகளை அரிக்கின்றன. பெட்டியைத் தூக்கி எறியவேண்டாம். கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றினால் அசல் கணினியே பிழைக்கும்.

அப்படியானால் எதைப் பழையதாகவே காப்பாற்றலாம்? கார்புரேட்டர், மீட்டர்கள், இருக்கைச் சட்டம், கண்ணாடி, சின்னங்கள், சக்கரங்கள். இவற்றைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பழைய சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே பொருத்தவேண்டும். மெக்னீசியத்தில் செய்தவை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காலத்தைக் காப்பாற்றுங்கள். உயிர் தொங்கும் இடத்தில் புதியதைப் போடுங்கள்.

போலியில் மாட்டாதீர்கள்

விலை ஏறினால் போலியும் வரும்.

'ஹக்கோசுக்கா' எனப்படும் பழைய ஸ்கைலைனை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஜிடி-ஆர் கூபேயின் எண் கேபிஜிசி10 என்று தொடங்கும். சாதாரணக் கூபே கேஜிசி10. ஒரே ஓர் எழுத்து! ஆனால் அந்த 'பி'க்குப் பின்னால் பந்தயக் காரிலிருந்து பிறந்த எஸ்20 இன்ஜினும் மிகப் பெரிய விலை வித்தியாசமும் இருக்கின்றன.

சாதாரணக் காரில் ஜிடி-ஆர் சின்னம் ஒட்டி ஓட்டுவது குற்றமில்லை. பலர் ஆசைக்காக அப்படிச் செய்கிறார்கள். அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

ஃபேர்லேடி இசட்432 விஷயமும் அப்படித்தான். சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட். அதுதான் 432. அதன் எண் பிஎஸ்30 என்று தொடங்கவேண்டும். எஸ்30 என்று மட்டும் இருந்தால் அது சாதாரண 2 லிட்டர் கார்.

பாகம் வாங்கும்போதும் இதே கவனம் தேவை. உற்பத்தி எண்ணை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பாகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். "எல்லாம் ஒண்ணுதான்" என்று விற்பவர் சொன்னால், ஒன்றில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், நிபந்தனைகளோடு.

பொதுவாக 3 வயதுக்கு மேற்பட்ட பயன்படுத்திய காரை இங்கு இறக்குமதி செய்யமுடியாது. கிளாசிக் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தால் வாகன உரிமைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ஆண்டில் 45 நாளுக்குமேல் ஓட்டமுடியாது.

இன்ஜின் போன்றவற்றில் மாற்றம் செய்ய ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே ஆணையத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

320 நாள் சும்மா நின்றால்?

45 நாள் ஓடினால் மீதி 320 நாள் கார் நிற்கும். "ஓட்டலையே, அப்புறம் என்ன தேய்மானம்?" என்று தோன்றலாம். உண்மையில் நிற்பதுதான் பழைய காருக்குப் பெரிய கேடு.

• பெட்ரோல் பழசாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும்.

• பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

• ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். காற்றைச் சற்றுக் கூட்டி வைக்கலாம், அவ்வப்போது காரைச் சற்று நகர்த்தலாம்.

• பேட்டரிக்குச் சிறு மின்னூட்டி தேவை.

• ஆர்32, ஏஇ86, ரோட்ஸ்டர் மூன்றிலும் இருப்பது டைமிங் பெல்ட். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் அதற்கும் வயதாகும். எப்போது மாற்றினார்கள் என்று ஆதாரம் இல்லாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். 240இசட்டில் இருப்பது சங்கிலி, அந்தக் கவலை குறைவு.

செய்த வேலையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய அசல் பாகத்தைத் தூக்கி எறியாமல் பெயர் எழுதிப் பெட்டியில் போடுங்கள். இன்று உங்களுக்கு அது குப்பை. நாளை அதைப் பார்த்துத்தான் யாரோ புதிய பாகத்துக்கு அளவெடுப்பார்கள்.

மறுதயாரிப்பு பலசமயம் அப்படித்தான் நடக்கிறது. வரைபடம் தொலைந்துபோனால் கையில் இருப்பது மிஞ்சிய ஒரு பாகம் மட்டுமே. அதையும் எறிந்துவிட்டால் அந்தக் கார் படத்தில்தான் இருக்கும், சாலையில் இருக்காது.