பாணர் உண்ட சோறு

சங்கப் பாடல்களில் சமையல் நடக்கும் அடுக்களைகள் பல உண்டு. ஆயினும் படித்தவர் நெஞ்சை விட்டு அகலாதது சமையல் நின்றுபோன ஓர் அடுக்களை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அது வருகிறது. கழிகள் கழன்று சோர்ந்த பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. அதன்மேல் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் ஈன்ற நாயொன்று அங்கே கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் மடியைக் கவ்வும்போது, பசித்த தாய் பொறுக்க மாட்டாமல் குரைக்கிறது. அந்த வீட்டுக் கிணைமகள் பசியால் இடை ஒடுங்கிப்போனவள். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து வந்து வேகவைக்கிறாள். உப்பு இல்லை. வெந்ததை உண்பதற்கு முன் அவள் செய்யும் காரியம் ஒன்றுண்டு: கதவை அடைக்கிறாள். பிறர் வறுமையைத் தூற்றும் அறியாமை உடையோர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதென்ற நாணம் அவளுக்கு. பிறகு பெருஞ்சுற்றத்தோடு ஒன்றாய் அமர்ந்து உண்கிறாள்.

இதைச் சொல்பவன் ஒரு பாணன். சொல்லும் நேரத்தில் அவன் பசித்தவன் அல்லன். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் யானையும் தேரும் பெற்று மீள்கிறான். வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனிடம், தன் வீட்டு நிலை நேற்றுவரை இவ்வாறு இருந்தது என்கிறான். அடைத்த கதவை அவனே திறந்து காட்டுகிறான். மனைவி மறைத்ததைக் கணவன் நடுவழியில் விரித்துரைப்பது ஏன் என்ற கேள்வி எழும். கேட்பவனும் அத்தகைய ஓர் அடுக்களையிலிருந்து புறப்பட்டு வந்தவன் என்பதே அதற்கு விடை.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையின் உயிர் இங்கேதான் உள்ளது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் வளம் பெற்றவர் பெறாதவர்க்கு வழி சொல்வது என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் வகுக்கிறது. உண்டவன் உண்ணாதவனுக்குச் சொல்லும் செய்தி அது. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை 248 அடி, சிறுபாணாற்றுப்படை 269, பெரும்பாணாற்றுப்படை 500, மலைபடுகடாம் 583. இந்த 1600 அடிகளும் அரசனைப் புகழ்கின்றன என்பதில் ஐயமில்லை. இரந்துண்டவரின் முகத்துதி என்று இவற்றை ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் முகத்துதி பாடுபவனுக்கு உப்பில்லாக் கீரை எதற்கு? பொற்கலத்தை மட்டும் பாடியிருந்தாலும் நல்லியக்கோடன் மகிழ்ந்திருப்பான்.

பொருநராற்றுப்படையின் விருந்து இவற்றுள் மிகவும் விரிவானது. முடத்தாமக்கண்ணியார் கரிகால் வளவனைப் பாடியது. விடியலில் வந்து நின்ற பொருநனை அரசன் அருகில் இருத்திக்கொள்கிறான். அப்போது பொருநன் உடுத்தியிருந்த துணியில் ஈரும் பேனும் குடியிருந்தன; வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த தையலோடு இருந்தது அது. சோறு வருவதற்கு முன் துணி வருகிறது. இழை போன வழி தெரியாத, பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடை. பந்திக்கு முன்பே விருந்தினனின் கூச்சத்தை அகற்றிவிட வேண்டும் என்பது கரிகாலனுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்பு பொற்கலத்தில் கள். அறுகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் தொடையிறைச்சி. இரும்புக் கோலில் கோத்துச் சுட்ட ஊன். சூடு தாங்காமல் அதை வாயின் இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றித் தின்றார்கள் என்கிறான் பொருநன். சங்க இலக்கியத்தில் உணவைப் பற்றி வரும் செய்திகளுள் இதைவிட உண்மையானது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. பசித்தவனால் ஆறும்வரை காத்திருக்க இயலாது. விருந்தின் சிறப்பைச் சொல்லப் புகுந்தவன் தன் அவசரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். இறைச்சி போதும் என்றபோது பலவகைப் பணியாரங்கள் வருகின்றன. நாள்கள் பல கழிந்து, சோறும் உண்ணுங்கள் என்று அரசன் வேண்ட, முல்லை மொட்டுப் போன்ற முனைமுறியாத அரிசியில் வடித்த சோறும் பொரிக்கறியும் கழுத்துமுட்ட உள்ளே போகின்றன. இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்கிப்போயின என்று அவன் சொல்வது மிகைதான். கொழு மழுங்குவதைக் கண்டறிந்த நாட்டுப்புறத்தான் ஒருவனின் மிகை என்பதால் அது சுவைக்கிறது.

ஒருநாள் பொருநனுக்குத் தன் சுற்றத்தின் நினைவு வருகிறது. ஊர் திரும்புகிறேன் என்கிறான். எம்மைவிட்டுப் போகிறீரோ என்று அரசன் சினந்தவன்போல் ஆகிறான். பிறகு யானைகளும், வெண்குதிரை நான்கு பூட்டிய தேரும் தந்து, ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்புகிறான். வந்தவனை வரவேற்பது எளிது. உண்டு முடித்தவன் பின்னே ஏழடி நடப்பதைத்தான் பொருநன் தேரோடும் யானையோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டான்.

அரசர் விருந்துகளிலெல்லாம் இந்தக் கூறு தவறாமல் இருக்கிறது. நல்லியக்கோடன் இளஞாயிறு போன்ற பொற்கலத்தில், வீமன் செய்ததாகச் சொல்லப்படும் சமையல் நூலின் நெறி வழுவாத உணவைப் படைக்கிறான்; தானே நின்று ஊட்டுகிறான். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடும்போது, அவன் பாணனுடைய பிள்ளைகளுக்கு முறைமுறையாகக் கலம் பரப்பி, முகமலர்ந்து பார்த்து, நின்று ஊட்டியதைச் சொல்கிறார். பிள்ளைகள் உண்டதைக் கண்ட தகப்பனுக்கு வேறு எந்தப் பரிசும் அதற்கு ஈடாகத் தோன்றியிராது.

அரண்மனையை அடையும்வரை வழியிலும் உணவு உண்டு. அதைக் கொடுப்பவர்கள் பெயரில்லாதவர்கள். எயிற்றியர் இரும்பு முனையிட்ட கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைச் சேர்க்கிறார்கள். நிலவுரலில் குற்றி, உவர்க்கிணற்று நீரை வார்த்து, வாயுடைந்த பானையில் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தருகிறார்கள். உடைந்த பானையில் வெந்ததிலும் வழிப்போக்கனுக்குப் பங்கு இருந்தது. ஆயர் பாலொடு தினைச்சோறு தருவர். முல்லை நிலத்தில் வரகுச்சோறும் அவரைப் புழுக்கும் கிடைக்கும். உழவர் வெண்சோற்றோடு கோழி வறுவல் இடுவர். வேலூரில் புளியிட்ட சுடுசோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கலவையும் என்று சிறுபாணாற்றுப்படை ஊர்வாரியாகச் சொல்கிறது. அந்தணர் இல்லத்தில், சேதாவின் மோரில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மாதுளம்பிஞ்சை வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து தருகிறார்கள். தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாய். மிளகாய் இந்த நாட்டுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியருக்குப் பிறகு. அதற்கு முன் தமிழர் காரம் என்று அறிந்தது மிளகையே. மாவடுவும் கறிவேப்பிலையும் மட்டும் அன்று தொட்டு இன்றுவரை இடம் பெயராமல் இருக்கின்றன.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பதிப்பித்தார். புறநானூறு 1894இல் வெளிவந்தது. ஆற்றுப்படைகள் விட்ட இடத்திலிருந்து தொடரும் செய்திகள் புறநானூற்றில் கிடைக்கின்றன. உண்டவர்களின் கை எப்படியிருக்கும் என்பதற்கும் அதில் பாட்டுண்டு. செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, மென்மையாக இருக்கிறதே என்றான். வில் வலிக்கும் கை வன்மையாகத்தான் இருக்கும். நின்னைப் பாடுவோர் கைக்கு ஊனும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு வருத்தம் இல்லை, அதனால் மெல்லியது என்றார் கபிலர். புலவர் தம்மையே எள்ளிக்கொள்ளும் நயம் இதில் உண்டு. குமணனிடம் பொருள் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனாரோ மனைவியிடம் வேறு விதமாகப் பேசுகிறார். உன்னை விரும்பியவர்க்கும் நீ விரும்பியவர்க்கும், நமக்குக் கடன் தந்தவர்க்கும், இன்னார் என்று பாராமல் எல்லோருக்கும் கொடு, என்னையும் கேளாதே, சேர்த்துவைத்து வாழ்வோம் என்றும் எண்ணாதே என்கிறார். கதவடைத்துக் கீரை தின்ற வீட்டின் கதவு இங்கே திறக்கிறது.

கொடுத்தவன் இறந்த பிறகு உண்ட சோறு என்னவாகிறது என்பதற்கு ஔவையார் சான்று. அதியமான் நெடுமான் அஞ்சி அவருக்குக் கொடுத்த நெல்லிக்கனியைத் தமிழர் அனைவரும் அறிவர். சாவை நீக்கும் அருங்கனி அது. ஆனால் தகடூர்த் தலைவன் மார்பில் வேல் தைத்து மாண்டபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் அந்தக் கனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு உண்டு மகிழ்வான். சோறு கொஞ்சமானாலும் பலரோடு பகிர்வான். மிகுந்தாலும் பலரோடு பகிர்வான். எலும்பொடு கூடிய ஊன் உள்ள இடமெல்லாம் எங்களுக்கு விட்டுவிடுவான். அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தானே போய் நிற்பான். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இவ்வாறு நாள்தோறும் நடந்தவற்றையே அவர் எண்ணிப் பார்க்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்’ என்ற சிறு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மன் என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் கூறும் தொல்காப்பியம். இங்கே அது கழிவு. அந்தக் காலம் போயிற்று என்பது.

பெருஞ்சோற்றைவிடச் சிறுசோறும், மிகுந்த கள்ளைவிடக் குறைந்த கள்ளும் அந்தப் பாட்டில் முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். பற்றாத நாளில் அவன் எப்படிப் பகிர்ந்தான் என்பதிலிருந்தே அழுகை தொடங்குகிறது.

பாட்டின் பிற்பகுதியில் ஔவையார் அந்த வேலின் வழியைத் தொடர்ந்து செல்கிறார். அதியமானின் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்கவில்லை. இரப்போர் கைகளைத் துளைத்தது. சுற்றத்தார் கண்ணொளியை மழுக்கியது. புலவர் நாவில் போய்த் தைத்தது. இவற்றுக்கெல்லாம் முன்பாக அவர் சொல்வது பாணர் கையில் ஏந்திய மண்டையை. சோறு வாங்கி உண்ணும் அந்த அகன்ற கலத்தின் அடியில் வேல் ஓட்டையிட்டுச் சென்றது என்கிறார்.