போயா நாள்: இலங்கையின் பொது விடுமுறைகளும் அயல்நாட்டவரின் தொழிற்பயணமும்

வணிகத்திற்காகவோ சுற்றுலாவிற்காகவோ இலங்கைக்கு வரும் அயல்நாட்டவர், தம் நாட்டு நாட்குறிப்பை மட்டும் நம்பிப் பயணத் திட்டம் வகுப்பாராயின், முதல் மாதத்திலேயே அது பிசகிவிடும். ஏனெனில் அந்நாட்டின் விடுமுறைகள் வாரக் கணக்கோடு நிலவின் கணக்கையும் தழுவி அமைந்தவை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 நாட்கள் விடுமுறையாக வர்த்தமானியில், அதாவது அரசிதழில், அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் பாதியளவு போயா எனப்படும் முழுநிலா நாட்களாகும்.

போயா என்னும் சிங்களச் சொல் பாளியின் 'உபோசத' என்பதிலிருந்தும், அது வடமொழியின் 'உபவசத' என்பதிலிருந்தும் வந்தவை. தமிழில் வழங்கும் உபவாசமும் இக்குடும்பத்ததே. ஈழத்துத் தமிழில் இந்நாளை நோன்மதி தினம் என்று எழுதுவர். நோன்பையும் மதியையும் ஒரே சொல்லில் அடக்கிய இம்மொழியாக்கம் மூலச்சொல்லைவிடத் தெளிவானது. பன்னிரு முழுநிலாக்களும் துருத்து, நவம், மெதின், பக், வெசாக், பொசொன், எசல, நிக்கினி, பினர, வப், இல், உந்துவப் என்று பெயர் பெறும். இவற்றுள் வெசாக் புத்தரின் பிறப்பு, ஞானம், மறைவு ஆகிய மூன்றையும், பொசொன் மிகிந்தலையில் மகிந்த தேரர் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததையும் குறிக்கின்றன. வெசாக் என்பது வைசாகம், அதாவது தமிழரின் வைகாசியே.

குடியேற்ற ஆட்சியில் அரச அலுவலகங்கள் கிறித்தவ நாட்காட்டியையே பின்பற்றின. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டதும், அதற்கு உரிய நீதி கிடைக்காததும் பௌத்தரிடையே பெருங்கொதிப்பை எழுப்பின. பிரம்மஞான சபையின் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1884இல் லண்டன் சென்று குடியேற்ற அமைச்சிடம் முறையிட்டதன் பயனாக, ஆளுநர் ஆர்தர் கோர்டனின் ஆட்சியில் 1885ஆம் ஆண்டு வெசாக் முழுநிலா நாள் பொது விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி முதன்முறை பொதுவில் ஏற்றப்பட்டதும் அவ்வாண்டு வெசாக் அன்றே. நாட்டின் பெரும்பான்மையோர் நெடுங்காலம் இழந்திருந்த உரிமை அன்று ஒரு நாளளவேனும் மீண்டது.

விடுதலைக்குப் பின் இக்கோரிக்கை வளர்ந்து, 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனாநாயக்கவின் அரசு, ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அவ்வாண்டில் இயற்றிய 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின்படி 1966 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் வேலை நாட்களாயின. அமாவாசை, வளர்பிறை அரைமதி, முழுநிலா, தேய்பிறை அரைமதி என்னும் நான்கு போயாக்களும், அவற்றுக்கு முந்திய நாட்களாகிய முன்போயாக்களும் ஓய்வு நாட்களின் இடத்தைப் பெற்றன. நிலவின் ஒரு சுற்று 29.53 நாட்கள் ஆதலின் அதன் கால்பங்கு ஏழு நாட்களுக்குச் சற்றே மிகுதி. எனவே வாரம் சிலமுறை ஏழு நாளாகவும் சிலமுறை எட்டு நாளாகவும் நீண்டு, ஓய்வு நாள் கிழமை மாறி நகர்ந்துகொண்டே சென்றது. போயா புதனன்று வந்தால் கொழும்பு நிறுவனம் செவ்வாயும் புதனும் ஓய்ந்திருக்கும். லண்டன் அலுவலகமோ சனியும் ஞாயிறும் மூடியிருக்கும். இருபுறமும் ஒருங்கே திறந்திருப்பவை திங்கள், வியாழன், வெள்ளி என்னும் மூன்று நாட்களே. தேயிலையும் இறப்பரும் ஏற்றுமதி செய்து வாழ்ந்த நாட்டிற்கு, தந்தியும் வங்கி உண்டியலும் மூன்றே நாட்களில் முடிய வேண்டிய நெருக்கடி தாங்கத் தக்கதன்று. கிறித்தவ ஊழியர் ஞாயிறு காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு விரைய வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வணிகர் சந்திப்பு நாளைக் குறிப்பதற்கு முன் பிறைப்பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்தது. அயல்வணிகத்தின் இடையூறே இத்திட்டத்தை வீழ்த்தியது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் ஞாயிற்றை மீட்டு, முழுநிலாப் போயாவை மட்டும் நிலைநிறுத்தியது. இன்று நடைமுறையில் இருப்பது அச்சட்டமே.

போயா நாள் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பின்படி வரையறுக்கப்படுவதால், பிற நாட்டு நாட்காட்டிகளில் முழுநிலா என்று குறித்த நாளிலிருந்து அது ஒரு நாள் விலகி வருவதுண்டு. பிற நாடுகளின் வெசாக்கோடும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2023இல் மலேசியா மே 4ஆம் நாளிலும், இலங்கை மே 5ஆம் நாளிலும், சிங்கப்பூர் ஜூன் 2ஆம் நாளிலும், தாய்லாந்து ஜூன் 3ஆம் நாளிலும் வெசாக்கைக் கொண்டாடின. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கிளை வைத்த நிறுவனம் வெசாக் என்று ஒரே நாளைக் குறித்துவைத்தால், அவ்வாண்டு ஒரு கிளையின் கதவு பூட்டிக் கிடந்திருக்கும். மிகைமாதம் வரும் ஆண்டுகளில் 'அதி' என்னும் அடைமொழியோடு கூடுதல் போயா ஒன்றும் சேர்கிறது. 2023இல் அதி எசல புகுந்ததால், எசல பெரஹெராவைக் காண ஆகஸ்ட் தொடக்கத்திற்கு அறை பதிந்து கண்டிக்கு வந்தவருக்கு ஊர்வலம் கிட்டியிராது; அது அம்மாத இறுதியிலேயே நிறைவுற்றது.

விடுமுறைகள் பொது, வங்கி, வர்த்தகம் என்று மூவகைப்படும். பொது விடுமுறையில் அரச அலுவலகங்களும், வங்கி விடுமுறையில் வங்கிகளும், வர்த்தக விடுமுறையில் தனியார் நிறுவனங்களும் கடைகளும் மூடப்படும். கடைச்சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாளின் பெயரருகே உள்ள சிறு குறிகள் இவ்வகைகளையே காட்டுவன. மூன்று குறிகளும் இருப்பின் நாடு முழுதும் ஓய்வு, இரண்டே இருப்பின் தனியார் அலுவலகம் இயங்கும். தைப்பொங்கலுக்கு மூன்றும் உண்டு. தீபாவளிக்கும் மகா சிவராத்திரிக்கும் வர்த்தகக் குறி இல்லை. ஆகவே தீபாவளியன்று தனியார் நிறுவனமொன்றில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அதற்குரிய பணத்தை வங்கி முகப்பில் அன்று செலுத்த இயலாது.

போயா நாளன்று மதுபான விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது; இறைச்சிக்கடைகளும் மூடியிருக்கும். ஆதலின் விருந்தினருக்கு இரவு விருந்தளிக்க எண்ணும் நிறுவனம் அந்நாளைத் தவிர்ப்பதே முறை. பௌத்தர் குறைந்த யாழ்ப்பாணத்தில் தெருவெங்கும் வெசாக் ஒளிக்கூடுகள் தொங்காவிட்டாலும், அங்கும் வங்கியும் மதுக்கடையும் பூட்டியே இருக்கும். பொசொன் நாட்களில் அனுராதபுரத்திலும் மிகிந்தலையிலும், உந்துவப் போயா முதல் வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் ஹட்டன் பாதையிலும் கூட்டம் நிறைவதால், இருக்கை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே சீட்டு எடுத்தல் வேண்டும். வெசாக்கிலும் அடுத்த நாளிலும் கொழும்பில் ஒளித்தோரணங்களும், வழிப்போக்கருக்கு இலவசமாக உணவளிக்கும் தன்சல்களும் நிறைந்திருக்கும். அந்நாட்களில் அலுவல் நடவாது, ஆயினும் நாட்டை அறிய விரும்புவோருக்கு அவற்றினும் சிறந்த நாட்கள் இல்லை.

மற்ற எல்லா விடுமுறைகளினும் வணிகத்தை மிகுதியாக நிறுத்துவது சித்திரைப் புத்தாண்டு. சட்டப்படி ஏப்ரல் 13, 14 ஆகிய நாட்களை ஒட்டிய விடுமுறை இரண்டே நாட்களாயினும், ஊழியர் ஊர்களுக்குச் சென்றுவிடுவதால் கொழும்பின் புறக்கோட்டைக் கடைவீதி அவ்வாரம் முழுவதும் வெறிச்சோடும். உணவகங்களும் பல நாட்கள் திறப்பதில்லை. கணித்துக் கூறிய நல்வேளையிலேயே பணிகள் மீண்டும் தொடங்கும். தமிழர் கடைகளில் உரிமையாளர் ஊழியருக்குக் கைவிசேடம் என்னும் புத்தாண்டுப் பணம் வழங்கிய பின்பே கணக்கேடு திறக்கப்படும். புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் அனுப்பிய விலைமனுவுக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திற்குப் பின்னரே மறுமொழியை எதிர்பார்க்கலாம்.

இசுலாமியப் பெருநாட்கள் பிறை காண்பதைப் பொறுத்து ஒரு நாள் மாறக்கூடும். அரசு சில வேளைகளில் திடீர்ச் சிறப்பு விடுமுறைகளையும் அறிவிக்கும். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 ஜூனில் அரச ஊழியர் பெரும்பாலோருக்கு வெள்ளிக்கிழமைகள் விடுமுறையாக்கப்பட்டன.