மழித்த தலையும் மழித்த கையும்

தெருச்சண்டையில் பெண்களை நோக்கி முதலில் வந்து விழும் வசவு 'முண்டை'. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காலனிகளிலும் அது சர்வசாதாரணம். 'முண்ட' என்ற வடசொல்லுக்கு மழித்த தலை என்று பொருள். தலை மழிக்கப்பட்ட விதவைக்கு இட்ட பெயர்தான் வசவானது. நம் மக்களிடையே விதவைக்கு மொட்டை பெரும்பாலும் கிடையாது. அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. அதையே சொல்லி 'அறுத்துக்கட்டுகிற சாதி' என்று நம்மை இளக்காரம் செய்தார்கள். அவர்கள் வீட்டுக் கொடுமையின் பெயரை நாம் ஏன் நம் பெண்கள் மீது எறிகிறோம் தோழர்களே?

வழக்கம் பழையது. கூந்தல் களைந்து, நகை துறந்த கைம்பெண்கள் புறநானூற்றிலேயே வருகிறார்கள். பின்னாளில் அது பார்ப்பனக் குடும்பங்களில் இறுகியது. கூந்தல் அழகு, அழகு ஆசையைத் தூண்டும், ஆகவே அவளை அழகற்றவளாக்கு: இவ்வளவுதான் கணக்கு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையில் அம்பேத்கர் இதன் வேரைத் தொட்டார். கணவனை இழந்த பெண் வெளியே மணந்தால் அகமணம் உடையும், உள்ளேயே மணந்தால் கன்னிப்பெண்ணுக்கு மாப்பிள்ளை குறையும். அதைத் தடுக்க வந்தவையே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் என்றார். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அந்தக் கட்டுரையைப் பாடத்தில் இல்லாவிட்டாலும் படித்துவிடுங்கள்.

மழித்த கை யாருடையது? அதுவும் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒருவரின் கைதான். 1890இல் பம்பாயில் நாவிதத் தொழிலாளர்கள் திரண்டு, இனி விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பின்னால் நின்றவர், ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி நாராயண் மேகாஜி லோகண்டே. சீர்திருத்த வரலாறு என்றால் மேடைப் பேச்சாளர்களையே சொல்லிக்கொடுக்கிறார்கள். கத்தியைக் கீழே வைத்தவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. சென்னையில் குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமியின் தலையை மழிக்க அவர் குடும்பம் மறுத்தது. அவர் 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு இல்லம் தொடங்கினார். பெரியாரோ எல்லாப் பெண்களும் ஆண்களைப் போல முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும் என்றார். அன்று கேட்டவர்கள் சிரித்தார்கள். இன்றும் நம் ஊரில் சிரிப்பார்கள்.

இன்னொரு மொட்டையும் உண்டு. புத்தரின் வளர்ப்புத்தாய் மகாபிரஜாபதி கோதமி, பெண்களுக்குச் சங்கத்தில் இடம் கேட்டுத் தானே கூந்தலைக் களைந்து வைசாலிக்கு நடந்தார் என்கிறது வினயபிடகம். சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகள் மணிமேகலையின் கூந்தலும் மாலையோடு களையப்பட்டு, அவள் அறவழிக்குப் போகிறாள். கணிகையர் குலத்துப் பெண்ணுக்குக் கூந்தல் என்பது விலை. அதை விட்டால்தான் விடுதலை.

அதே மொட்டை தண்டனையாகவும் வந்தது. தலித்துகளைப் பிடித்துத் தலையை மழித்து ஊர்வலம் விடுவது சாதியின் பழைய கருவி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது அதில் இதற்குத் தனிச்சொல் இல்லை. 2015 திருத்தத்தில்தான் பலவந்தமாகத் தலையை மழிப்பதும் மீசையை எடுப்பதும் குற்றங்களாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. பிரிவு 3(1)(e). புகார் எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், 'அவமானப்படுத்தினார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு வரலாறும் நோயால் முடி இழந்த பெண் தலையில் வந்து இறங்குகிறது. புழுவெட்டாலோ புற்றுநோய் சிகிச்சையாலோ முடி கொட்டிய பெண்களை நாங்கள் களப்பணியில் சந்திக்கிறோம். ஆணுக்கு வழுக்கை என்றால் அறிவாளி என்று கேலியோடு முடிந்துவிடும். பெண்ணுக்கோ கல்யாணப் பேச்சு நின்றுபோகிறது, சுபகாரியத்தில் எதிரே வராதே என்கிறார்கள். சமயபுரத்து மொட்டைக்கு மட்டும் மரியாதை உண்டு. அதனால் சிலர் கையில் கொஞ்சம் சந்தனம் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறும் முன் தலையில் தடவிக்கொண்டு, யாராவது கேட்டால் "ஆத்தாளுக்கு வேண்டுதல்" என்று சொல்லிவிடுகிறார்கள்.