பெருங்குடல் புண் அழற்சி மீண்டும் தீவிரமடையும்போது: ஸ்டீராய்டு மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி, பெருங்குடலின் உட்சுவரில் ஏற்படும் நீண்டகால நோயாகும். இந்நோய் பல மாதங்கள் அடங்கியிருந்து, பின்னர் மீண்டும் தீவிரமடையக்கூடும். அவ்வேளையில் நோயாளரும் அவரைப் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

மீண்டும் தீவிரமடைந்ததற்கான அறிகுறிகள்

• மலத்துடன் இரத்தம் அல்லது சளி வெளியேறுதல்
• வழக்கத்தைவிட அதிக முறை மலம் கழித்தல். இரவில் மலம் கழிக்க எழ நேரிடுதல்
• அடக்க இயலாத அவசர உணர்வு, அடிவயிற்று வலி, உடற்சோர்வு

இவ்வறிகுறிகள் தோன்றியவுடன், வீட்டில் மீதமுள்ள பழைய ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்ளத் தொடங்குதல் கூடாது. அமீபா சீதபேதி போன்ற குடல் தொற்றுகளும் இதே அறிகுறிகளைத் தரும். தொற்று இருக்கும் நிலையில் ஸ்டீராய்டு உட்கொண்டால் அது கடுமையாகலாம். எனவே மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் முதலில் தேவைப்படுகின்றன. முன்பு காசநோய் இருந்திருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தாலோ மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.

மெசலமின் மாத்திரையை இடையில் நிறுத்தியது, டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை உட்கொண்டது ஆகியனவும் நோய் மீளக் காரணமாகலாம். இவற்றையும் மறைக்காமல் கூறுங்கள்.

ஸ்டீராய்டு எவ்வாறு தரப்படுகிறது?

நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மெசலமின் மருந்தே பலருக்குப் போதுமானது. அதற்குக் கட்டுப்படாத நிலையில் பிரெட்னிசோலோன் மாத்திரை தரப்படுகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 மி.கி. அளவில் தொடங்கி, நோய் கட்டுப்பட்டபின் வாரத்திற்கு 5 மி.கி. வீதம் குறைத்து, ஏறத்தாழ 8 வாரங்களில் நிறுத்துவது வழக்கம். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். மாத்திரையைக் காலை உணவுக்குப்பின் உட்கொள்ளுங்கள். மாலையில் உட்கொண்டால் உறக்கம் கெடலாம்.

திடீரென நிறுத்தாதீர்கள்

இரண்டு வாரங்களில் இரத்தப்போக்கு நின்றுவிட்டது என்பதால் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இது ஆபத்தானது. நம் உடலில் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் இயற்கையாகவே ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ளும்போது இச்சுரப்பு குறைந்துவிடும். திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் சரிதல் ஆகியன ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். படிப்படியாகக் குறைக்கும்போது சுரப்பிகள் மீண்டும் இயங்க அவகாசம் கிடைக்கிறது. குறைக்கும் காலத்தில் அறிகுறிகள் திரும்பினால், அளவை நீங்களே உயர்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள்.

கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள்

• இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயரலாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.
• பசி மிகுதல், முகம் உப்புதல், எரிச்சல், உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். மனநிலையில் பெரும் மாற்றம் தென்பட்டால், பராமரிப்பவர் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
• எலும்பு வலுவிழக்கலாம். பரிந்துரைக்கப்படும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள்.
• நோய் எதிர்ப்பாற்றல் குறையும். சின்னம்மை கண்டவர் அருகில் இருக்க நேர்ந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்த உணவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். சேர்மானம் தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் தவிருங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• நாளொன்றுக்கு 6 முறைக்கு மேல் இரத்தத்துடன் மலம் கழிதல். அத்துடன் காய்ச்சல் அல்லது படபடப்பு
• வயிறு உப்பி, கடுமையாக வலித்தல்
• மாத்திரை வயிற்றில் தங்காத அளவு வாந்தி
• மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல்

இந்நிலைகளில் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளாதீர்கள். தீவிர நிலையில் அவை குடலை ஆபத்தான அளவு வீங்கச் செய்யலாம்.

ஸ்டீராய்டு நிரந்தரத் தீர்வன்று

ஸ்டீராய்டு எழுச்சியை அடக்கும். நோய் மீளாமல் தடுக்காது. ஓராண்டில் இருமுறை ஸ்டீராய்டு தேவைப்பட்டாலோ, அளவைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினாலோ, அசதயோபிரின் போன்ற மாற்று மருந்துகள் குறித்து இரைப்பை குடல் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். கருவுற்றிருந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். கட்டுப்படாத நோய் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு தரும்.

உட்கொள்ளும் அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருங்கள். விபத்திலோ, அறுவை சிகிச்சையின்போதோ, பல் பிடுங்கும்போதோ அத்தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.