கதவுக்கு வெளியே நின்றவர்க்குத் துணை: கேம்பிரிட்ஜ் மாணவியர் வரலாறு

உயர்கல்வி பெண்களுக்குத் திறக்கப்பட்ட வரலாற்றை எழுதுவோர், சட்டங்களையும் தீர்மானங்களையும் தொகுத்துக் கூறுவதே வழக்கம். ஒரு பல்கலைக்கழகம் இன்ன ஆண்டில் பெண்களைத் தேர்வெழுத அனுமதித்தது, இன்ன ஆண்டில் பட்டம் வழங்கியது என்பன குறிக்கப்பட வேண்டியவையே. ஆயினும் ஒரு தீர்மானத்துக்கும் அடுத்த தீர்மானத்துக்கும் இடைப்பட்ட நீண்ட ஆண்டுகளில் அம்மாணவியர் யாருடைய துணையால் கற்றனர் என்னும் வினாவுக்கு அப்பட்டியல் விடை தருவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இவ்விடைக்காலம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்தது. ஆகவே அதன் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஐந்து மாணவியரும் ஒரு வீடும்

ஹென்றி சிட்ஜ்விக் என்பார் கேம்பிரிட்ஜில் ஒழுக்கவியல் கற்பித்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்கு மனச்சாட்சியோடு உடன்பட இயலாமையால், 1869இல் தம் கல்லூரி உறுப்பினர் பதவியைத் துறந்தவர். 1871இல் அவர் ரீஜென்ட் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தினார். பெண்களுக்கென நடத்தப்பெற்ற விரிவுரைகளைக் கேட்க வெளியூர்களிலிருந்து வரும் மாணவியர் தங்குவதற்காகவே இவ்வேற்பாடு. வீட்டை நடத்தும் பொறுப்பை ஏற்குமாறு ஆன் ஜெமைமா கிளஃப் என்னும் அம்மையாரை அவர் அழைத்தார். அப்போது அம்மையாருக்கு வயது 51. தந்தையின் வாணிகம் நொடித்தபின் பள்ளி நடத்திக் குடும்பத்துக்கு உதவியவர் அவர். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. தமக்குக் கிட்டாததைப் பிறருக்குக் கிட்டச்செய்வதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. முதலில் வந்த மாணவியர் ஐவர். அவ்வீடே நியூன்ஹம் கல்லூரியாக வளர்ந்தது; 1892இல் மறையும்வரை அம்மையாரே அதன் தலைவராயிருந்தார். அதற்கு முன்னரே, 1869இல், எமிலி டேவிஸ் அம்மையார் ஹிச்சின் என்னும் ஊரில் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கியிருந்தார். அது 1873இல் கேம்பிரிட்ஜை அடுத்த கெர்ட்டனுக்கு மாறியது.

இவ்விரு கல்லூரி மாணவியர்க்கும் பல்கலைக்கழகத்தில் எவ்வுரிமையும் இருக்கவில்லை. விரிவுரை கேட்க ஒவ்வோர் ஆசிரியரின் இசைவையும் தனித்தனியே பெறவேண்டியிருந்தது. இசைவு கிடைத்த இடத்துக்கும் மூத்த பெண் ஒருவரின் துணையோடு செல்வதே அன்றைய முறை. 1874இல் மேரி பேலி, ஏமி புல்லி என்னும் இரு மாணவியர் ‘டிரைப்பாஸ்’ எனப்படும் சிறப்புத் தேர்வை எழுதினர். அத்தேர்வு நடந்த இடம் பல்கலைக்கழக மண்டபமன்று, கென்னடி என்னும் பேராசிரியரின் இல்லமே. மறு ஆண்டில் மேரி பேலி நியூன்ஹம் மாணவியர்க்குப் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியையானார். முன்சென்றவர் திரும்பி நின்று பின்வருவோர்க்குக் கைகொடுக்கும் மரபு இவ்வாறு அக்கல்லூரியில் வேரூன்றியது.

ஆய்வுக்கூடமான ஆலயம்

1881இல் பெண்கள் டிரைப்பாஸ் தேர்வை முறைப்படி எழுதலாம் எனப் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. தேறியோர்க்குச் சான்றிதழ் உண்டு, பட்டம் இல்லை. அறிவியல் பயின்றோர்க்கு மற்றோர் இடரும் இருந்தது. செய்முறைப் பயிற்சியின்றி அவர்கள் தேர்வில் வெற்றிபெற இயலாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலோ அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. எனவே நியூன்ஹமும் கெர்ட்டனும் இணைந்து 1884இல் தமக்கென ஓர் உயிரியல் ஆய்வுக்கூடத்தை நிறுவின. அதற்குக் கிடைத்த இடம், காங்கிரிகேஷனல் சபையார் விட்டுச்சென்ற ஒரு பழைய ஆலயம். மாணவியர்க்கு ஆதரவாயிருந்து, 1882இல் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் உயிர்நீத்த பிரான்சிஸ் பால்ஃபர் என்னும் கருவியல் அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இவ்வாய்வுக்கூடத்தின் தனிச்சிறப்பு, அங்குக் கற்பித்தவர்களும் பெண்களே என்பதாகும். கெர்ட்டனில் பயின்ற மரியன் கிரீன்வுட் 1890 முதல் 1899வரை அதற்குத் தலைமை தாங்கினார். அவருக்குப்பின் நியூன்ஹமில் பயின்ற எடித் சாண்டர்ஸ் பொறுப்பேற்றார். சாண்டர்ஸ் அம்மையார் வில்லியம் பேட்சனுடன் இணைந்து தாவரங்களில் கலப்பினச் சோதனைகள் நிகழ்த்தி, மரபியல் என்னும் புதுத்துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். நுண்ணோக்கியைக் கையாளக் கற்கவந்த மாணவி, அதே கூடத்தில் ஒரு பெண் தம் சொந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கக் கண்டார். ‘உம்மால் இயலும்’ என்று நூறுமுறை கூறுவதினும் இக்காட்சி வலியது.

துணையின் எல்லை

இத்துணை எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1890இல் நியூன்ஹம் மாணவி பிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் ஆடவருள் முதல்வராய் வந்தவரையும் விஞ்சினார். ஆயினும் அவருக்குப் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவு 1897இல் பெருந்தோல்வி கண்டது. 1921இல் முழு உரிமை மீண்டும் மறுக்கப்பட்டது. பட்டத்தின் பெயர் மட்டும் கிடைத்தது. அவ்வாக்கெடுப்பு முடிந்ததும் ஆடவ மாணவர் சிலர் கைவண்டி ஒன்றைத் தள்ளிவந்து நியூன்ஹமின் வெண்கலக் கதவுகளை மோதிச் சிதைத்தனர். அவை கிளஃப் அம்மையாரின் நினைவாக அமைக்கப்பட்டவை. பெண்களுக்கு முழு உரிமையும் பட்டமும் 1948இல்தான் கிடைத்தன.

பால்ஃபர் ஆய்வுக்கூடம் 1914இல் மூடப்பட்டது. பல்கலைக்கழக வகுப்புகளும் கூடங்களும் மாணவியர்க்குத் திறந்துவிட்டமையால் தனிக்கூடத்தின் தேவை குறைந்தது. இது வெற்றியே. ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியப் பதவிகள் பெண்களுக்கு உரியவையாக 1926வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கற்கும் மாணவிக்குக் கதவு திறந்த அந்நாளில், கற்பித்த பெண்ணுக்கு இருந்த இடம் மறைந்தது. பழைய துணையை நீக்கியோர், அத்துணையை நல்கியவரின் உரிமையை எண்ணிப்பார்க்கவில்லை.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு கற்பிக்கும் நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. உரிமை வரும்வரை துணை காத்திருக்கலாகாது. ஐந்து மாணவியர்க்காக ஒரு வீட்டைத் திறந்தவர்கள் சட்டம் மாறட்டும் என்று வாளாவிருக்கவில்லை. அவ்வாறே, துணை நல்கிவிட்டோம் என்பதால் உரிமைக்காகப் பேசும் கடமை தீர்ந்துவிடுவதுமில்லை.

இதனை நாம் நாணத்தோடே எழுதுகிறோம். முன்னொருகால் நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில், அறிவுமிக்க ஒரு மாணவிக்கு வழிகாட்டும் பொறுப்பு நமக்களிக்கப்பட்டது. அவருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொடுத்தோம், நூல்கள் தந்தோம், ஊக்கமும் உரைத்தோம். ஆடவ மாணவர் இரவு ஒன்பது மணிவரை அமர்ந்து படித்த நூலகத்தில் மாணவியர் மாலை ஆறு மணிக்குமேல் இருத்தலாகாது என்பது அங்கு விதி. அவ்விதியை வகுத்த ஆசிரியர் குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் நாம் அதுபற்றி வாய்திறந்தோமல்லோம். நன்றி கூறி விடைபெற்ற அம்மாணவியும் அதனை நமக்கு நினைவூட்டவில்லை.

மாணவியர்க்கு வழிகாட்டிகளை அமர்த்தும் ஏற்பாடு நம் கல்லூரிகளில் இருப்பின் அது நன்று. அவ்வழிகாட்டி மாணவியோடு அமர்ந்து அவர் குறை கேட்பது முதற்பணி. கேட்டதை ஆசிரியர் குழுவின் மேசைக்குக் கொண்டுசென்று, எழுந்து நின்று உரைப்பது அதனினும் அரிய பணி. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வோரையே நம் மாணவியர் எதிர்நோக்கியிருக்கின்றனர்.